சன்னலுக்கு வெளியே வைத்த பூ

மதினி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவருடைய மடியில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதில் நாலு சம்பங்கித் தண்டு. கடையத்திலிருந்து காரில் வரும் வழியெல்லாம் தண்ணீர் சிந்தாமல் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அந்தக் கையால்தான் குப்பியைப் பிடித்திருந்தார்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வாடகை வீட்டில் தனியாக இருந்தவர். எனக்கும் அவருக்கும் சண்டை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஒட்டுதல் என்று சொல்லவும் எதுவும் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், இரண்டு நாள் இருப்பார், வீட்டில் எது எது சரியில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். இருபத்திமூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது.

இனி ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, திருநெல்வேலியில். ஐந்து மாதம் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, யாராவது என்றால் அது நான்தான். நானும் சும்மா இருப்பவள் இல்லை. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக வேலை பார்க்கிறேன். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வீடு. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மதினியிடம் எனக்குப் புரியாமல் இருந்த விஷயம் இந்தப் பூதான். எங்கள் வீடுகளில் பூ என்றால் சாமிக்கு. சாமிக்குப் போக மீதி தலைக்கு. யாராவது இறந்துபோனால் மாலைக்கு. அதற்கு மேல் பூவுக்கு வேலை கிடையாது. மதினி தலையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் கடையத்து வீட்டுக்கு எப்போது போனாலும் மேசை மேல் குப்பியில் பூ நிற்கும். சம்பங்கியோ கோழிக்கொண்டையோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் யார் வீட்டு வேலியிலோ ஒடித்த அரளிக் கொத்தோ. கல்யாணமான புதிதில் என் மாமியாரிடம் கேட்டேன்.

"எதுக்கு அத்தை, பூவ இப்படித் தண்ணில போட்டு வச்சிருக்காங்க?"

"அவ அப்படித்தான். வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா."

வேறு விளக்கம் கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. மருந்து ஏற்றினால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், சின்னக் கிருமியும் பெரிய காய்ச்சலாகிவிடும் என்பதால் அவ்வளவு கட்டுப்பாடு. காய்ச்சாத தண்ணீர் கூடாது. தோல் சீவாத பழம் கூடாது. நோயாளியின் அறையில் பூ, பூந்தொட்டி, தேங்கிய தண்ணீர் எதுவும் கூடாது. நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அவர் வந்த அன்று சாயங்காலமே சம்பங்கியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் தென்னைமரத்தடியில் போட்டேன். குப்பியைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். மதினி தூங்கி எழுந்து மேசையைப் பார்த்தார்.

"தூரப் போட்டுட்டியா?"

"பேப்பர்ல போட்டிருக்கு மதினி."

"நானும் படிச்சேன்."

எனக்கு ஒரு மாதிரி இருந்தாலும் சரியானதைத்தான் செய்தோம் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது மருந்து ஏற்றி வந்த நாலாம் நாள். கஞ்சித் தம்ளரோடு அறைக்குள் போனேன். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்ததுதான் தாமதம், மதினி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். பிளாஸ்டிக் பேசினை எடுத்து நீட்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. குடலே வெளியில் வந்துவிடும் போலக் குமட்டினார். ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டேன். அப்போது திரும்பவும் குமட்டினார்.

"ஏட்டி, தப்பா நெனைக்காத," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "உந்தலையில இருக்க பிச்சிதான். அந்த மணம் தாங்கல."

நான் தினமும் பூ வைப்பவள். தென்காசி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் அக்காவிடம் சாயங்காலம் இரண்டு முழம் பிச்சியோ மல்லியோ வாங்குவேன். வாழையிலையில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலையிலும் பறித்த மாதிரி இருக்கும். ஈரம் அதிகமானால் அழுகும், குறைந்தால் வாடும், அதற்கு ஒரு பதம் இருக்கிறது. நான் என்று எனக்காகச் செய்துகொண்டது ஒரு நாளில் அது ஒன்றுதான். அன்றோடு அதையும் நிறுத்தினேன். மறுநாள் பூக்கார அக்காவிடம், "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்க்கா, வீட்ல சொகமில்ல," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி நல்லாத்தானே இருக்காவ?" என்று கேட்டாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு. தலையில் பூ இல்லாத சுமங்கலியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதோ ஒரு சந்தேகம். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. மதினி மேல் எனக்குக் கோபம் வந்தது. நோயாளி மேல் கோபப்படுகிறோமே என்று என் மேலும் வந்தது.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு மதினி மெலிந்துபோனார். முடி முழுக்கக் கொட்டியிருந்தது. படிக்கக் கொடுத்தால் எழுத்து நீந்துகிறது என்பார். டிவி வேண்டாம். கட்டிலில் சாய்ந்து சன்னலைப் பார்த்தபடியே இருப்பார். எங்கள் வீட்டு மாடிக்குப் போனால் மேற்கே குற்றாலம் மலை தெரியும், மேகம் இறங்கி நின்றால் இன்று அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொல்லிவிடலாம். கீழ் அறைச் சன்னலிலிருந்து தெரிவது காம்பவுண்டுச் சுவரும் பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும்தான்.

ஒருநாள் காலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ரூமுக்குள்ளதான பூ வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றார் மதினி.

"ஆமா."

"சன்னலுக்கு வெளிய வைக்கலாம்லா? கண்ணாடிய அடச்சுக்கிட்டா மணமும் வராது, தண்ணியும் உள்ள வராது."

கணக்கு டீச்சர் யோசித்துத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. சரியாகவும் இருந்தது. ஆனால் எனக்கு உடனே தோன்றியது, இன்னொரு வேலை என்பதுதான். "பாக்கேன் மதினி," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வாரம் பார்க்கவேயில்லை. அவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்தான் சொன்னாள், செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் புளியரைப் பக்கத்தில் ஒரு மலையாளத்துச் சேச்சி ஆந்தூரியம் வளர்க்கிறாள், மணமே கிடையாது, வெட்டி வைத்தாலும் வாரக்கணக்கில் நிற்கும் என்று. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை மதினிக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சாரல் தொடங்கியிருந்தது. பஸ் சன்னலெல்லாம் தூற்றல். உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டேன். நடத்துநர்தான் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார்.

சேச்சி வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்கு அடியில் வரிசை வரிசையாகச் செடிகள். சிவப்பும் வெள்ளையுமாக, மெழுகில் செய்த மாதிரிப் பூக்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏழெட்டுத் தண்டு வெட்டினாள்.

"கத்திரி எடுக்கண்டா," என்றாள். "கத்திரி தண்ட நசுக்கும். பிளேடு வச்சுச் சரிச்சு வெட்டணும். வேரு இல்லாத பூவாக்கும். அந்தத் தண்டு வாய் வழியாத்தான் குடிக்கும். வாய் அடஞ்சா தீந்து."

"தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க மாத்தணும்?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்க வெள்ளம் மாத்துங்க. மாத்தும்போதெல்லாம் தண்ட அரை இஞ்சு வெட்டிவிடணும். குப்பியையும் தேய்ச்சுக் கழுவணும். வெறுதே வெள்ளம் மட்டும் மாத்தினாப் போராது. வெயில் படக் கூடாது. பக்கத்துல பழுத்த பழம் எதுவும் வைக்கக் கூடாது, வாடிப்போகும்."

"இவ்வளவும் செஞ்சா எத்தன நாள் இருக்கும்?"

"நல்லா நோக்கினா மூணு வாரம். நோக்கலேன்னா ஒரு வாரம்."

வீட்டில் ஏற்கெனவே ஒருவரை நோக்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் ஈரத்துணியில் தண்டுகளைச் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதினியின் பழைய குப்பி உயரம் போதாது என்று முன்பே தோன்றியிருந்தது. பள்ளி ஆய்வகத்தில் விளிம்பு உடைந்ததால் கழித்துவிட்ட ஓர் அளவு ஜாடி கிடந்தது. வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியரிடம் கேட்டு அதை எடுத்துவந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே அகலமான சிமெண்டுத் திட்டு உண்டு. அதில் ஜாடியை நிறுத்தி, சாரல் காற்றுக்குச் சாயாமல் கம்பியால் கிரில்லோடு கட்டினேன். ஒவ்வொரு தண்டாக வைத்தேன். உள்ளே மதினி தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அடைத்திருந்ததால் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் காட்டினார். 'வெள்ளை இடப்பக்கம்.' மாற்றினேன். அடுத்த தாள்: 'சிவப்பு உயரம். வெட்டு.' வெட்டினேன். மூன்றாவதாக இன்னொரு தாளைக் காட்டினார். 'போதும். போ. பஸ் போயிரும்.' அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து என் காலை நேரம் கொஞ்சம் நீண்டது. ஐந்து மணிக்கு எழுந்து மதினிக்கு வெந்நீர், வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது, மாத்திரை, படுக்கை விரிப்பை மாற்றி ஊறவைப்பது, லோஷன் போட்டுத் தரை துடைப்பது, அவருக்குக் காரமில்லாத சமையல், எனக்கு ஏதாவது. இவ்வளவும் முடிந்தபிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். கம்பியை அவிழ்த்து, கையுறை போட்டு, பழைய தண்ணீரைக் கொட்டி, ஜாடியை பிரஷ் விட்டுத் தேய்த்து, தண்டுகளைச் சீவி, புதுத்தண்ணீர் ஊற்றி, திரும்பக் கட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொட்ட உடம்போடு மதினி அறைக்குள் போகக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். அதனால் இரண்டாவது முறை குளிப்பேன். அந்த இரண்டாவது குளியல்தான் என்னைக் கொன்றது. சாரல் காலத்துப் பச்சைத் தண்ணீர் முதுகில் விழும்போது, நின்றபடியே தூங்கிவிட முடியுமா என்று யோசித்திருக்கிறேன்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மதினி கொஞ்சம் தேறினார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் அன்றைய செய்தி சொல்வார். ஒரு வெள்ளைப்பூ ஓரம் பழுப்பாகிறது, எறும்பு ஏறுகிறது, மத்தியானம் பெய்த தூற்றலில் சிவப்புப்பூவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் சாயங்காலம் வரைக்கும் நின்றது, இப்படி. ஒரு சனிக்கிழமை நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது சுவர் மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. எட்டி ஒரு சிவப்புப்பூவை உருவியது. கடித்துப் பார்த்தது. துப்பிவிட்டு, ஏமாற்றிவிட்டீர்களே என்பதுபோல எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மதினி தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தார். "வலிக்கி, வலிக்கி," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். சேர்ந்து சிரித்தது இருபத்திமூன்று வருடத்தில் அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

நாலாவது மருந்து ஜூலை மாதத் தொடக்கத்தில். அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆய்வகத்தில் இருக்கும் ஒவ்வொரு குப்பியையும் துடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். காலையில் ஏழரைக்கே போனேன். ஆறரைக்கு வந்தேன். மதினியின் வேலைகளில் எதையும் விடவில்லை. பூவை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதுகூட மனதில் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் தோள்பையைக்கூட இறக்கவில்லை, கால் கை கழுவிவிட்டு அறை வாசலில் நின்றேன். மதினி என்னைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தண்ணி மாத்தி நாலு நாளாச்சு. உள்ள நூல் நூலா என்னமோ மெதக்கு."

"நேரமே இல்ல மதினி."

"ரெண்டு பூ தலைய தொங்கப் போட்டுட்டு. இன்னைக்கு மாத்துனா பொழச்சிரும்."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நான் ஒருத்திதான இருக்கேன்? உங்களுக்குத் தண்ணி காய்ச்சதா, பூவுக்குத் தண்ணி மாத்துததா? எப்படியும் சாகப்போறதுக்கு எத்தன நாளைக்கு நான் ஊழியம் பாக்கது?"

பூவைத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் அந்த வார்த்தை அந்த அறையில் எப்படி விழுந்தது என்று எனக்கே கேட்டது. மதினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"சரிம்மா. விட்டுரு," என்றார்.

உரிமையோடு ஏட்டி என்பவர், வெளியாளிடம் பேசுவதுபோல அம்மா என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒழுங்காகவே சாப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆய்வு முடிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பூவை மாற்றிவிடலாம் என்று நேராகப் பின்பக்கம் போனேன். ஜாடியில் தண்ணீர் தெளிந்து இருந்தது. தண்டுகள் சரிவாகச் சீவியிருந்தன. வாடின இரண்டையும் காணோம். கம்பி முறுக்கு என் முறுக்கு இல்லை, ஒரே அளவில் நெருக்கமாக முறுக்கியிருந்தது. திட்டின் மேல் பிளேடு கிடந்தது.

உள்ளே ஓடினேன். "மதினி, நீங்களா மாத்துனீங்க?"

"ஆமா. மத்தியானம் கொஞ்சம் தெம்பா இருந்துது."

"கையுறை போட்டீங்களா?"

"எடது கை ஒத்துழைக்கல. மாட்ட முடியல."

"கையக் காட்டுங்க."

கையை மடியிலேயே வைத்திருந்தார். நான்தான் எடுத்துப் பிரித்தேன். பெருவிரலில் ஒரு சின்ன வெட்டு, ஒரு நெல்மணி நீளம். ரத்தம் காய்ந்திருந்தது. சோப்பு போட்டுக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, "குளிருது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காய்ச்சல் நூற்றொன்றைத் தாண்டியிருந்தது.

காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி கார் எடுத்தார். ஆலங்குளம் தாண்டும்வரை மதினி என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. தனி அறை, ஊசிக்கு மேல் ஊசி. முதல் இரண்டு நாள் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. என்னை யாரோ ஒரு மாணவியின் பெயர் சொல்லி அழைத்து, கணக்கைப் போர்டில் போடச் சொன்னார்.

மூன்றாம் நாள், வார்டைச் சுற்றிவந்த பெண் மருத்துவரிடம் தாழ்வாரத்தில் வைத்துக் கேட்டேன். பூத்தண்ணீர், பிளேடு, விரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காயத்த நானும் பாத்தேன்மா. அதுல ஒண்ணும் தெரியல. எங்கிருந்து வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. பல பேருக்கு உடம்புக்குள்ள ஏற்கெனவே இருக்கிற கிருமியே போதும்," என்றார். பிறகு, "ஆனா இனிமே பூ வேண்டாம்," என்றார்.

இன்றுவரை இந்தப் பதிலைத்தான் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். நல்ல நாளில் முதல் பாதி பெரிதாகத் தெரியும். மற்ற நாட்களில் கடைசி வரி.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்துசேர்ந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன வார்த்தை உட்பட. சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, "ஒத்தையா நீ என்ன செய்வ," என்றார். இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"இந்த லீவ மே மாசமே கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

தேநீர் வாங்கிவருகிறேன் என்று கீழே போனார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மதினிக்குத் தெளிவு வந்திருந்தது. நான் முகக்கவசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தண்ணியாலன்னு நெனைக்கியா?" என்றார்.

"தெரியல மதினி. டாக்டரம்மாவுக்கும் தெரியல."

"எனக்கும் தெரியல. இருந்தாலும் இருக்கும்." பிறகு, "உனக்கு எம்மேல கோவம் இருக்குல்லா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"இருக்கு மதினி."

"இருக்கட்டும்," என்றார். "எனக்கும் கொஞ்சம் இருக்கு."

அவருக்கு ஒரு சுளை கொடுத்தேன். நானும் ஒன்று தின்றேன். அத்தனை நாளில் அந்த அரைமணி நேரம்தான் என் உடம்பு நாற்காலியில் முழுதாகச் சாய்ந்தது.

நாங்கள் திரும்பி வருவதற்குள் என் வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து ஜாடியையும் பூக்களையும் அப்புறப்படுத்தி, திட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார். மதினி வெறும் திட்டைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் படுத்தார். ஐந்தாவது மருந்து தள்ளிப்போய் ஆகஸ்டில் நடந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் நானாகவே கேட்டேன், ஜாடியைச் சுவருக்கு அப்பால் தள்ளி வைக்கலாமா, நான் மட்டும் தொடுகிறேன் என்று.

"வேண்டாம் ஏட்டி. அந்த நேரத்துக்கு நீ தூங்கு."

நான் வற்புறுத்தவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் அந்த அரைமணி நேரம் தூங்கினேன். ஒருநாள்கூட விடாமல் தூங்கினேன். மதினி சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது மட்டும் குறைந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

செப்டம்பரில் ஆறாவது மருந்தும் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அக்டோபர் கடைசியில் அவரைக் கடையத்தில் கொண்டுபோய் விட்டோம். பூட்டிக் கிடந்த வீட்டை நானும் என் வீட்டுக்காரரும் கூட்டித் துடைத்தோம். கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்தார். கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. "சாப்ட்டு மாத்திரையப் போடுங்க," என்றேன். "நீயும் ரத்தக்கொதிப்பு பாரு, முகமே வீங்கிக் கெடக்கு," என்றார்.

அவர் சொன்னது சரிதான். பார்த்தபோது அதிகமாகவே இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை மாதமும் உடம்பு காத்திருந்த மாதிரி இருந்தது. மகள் போன் செய்து மதினிக்குச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மதினி பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்தது. முக்காடு போட்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மதினி இந்த மழையில? உங்களுக்கு ஒட்டிரப் போகுது."

"மூஞ்சிய மூடிக்கிடுதேன். நீ படு."

குக்கரில் பருப்பையும் அரிசியையும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, அவ்வளவு வேலைக்கே களைத்துப்போய் வந்து, கூடத்தில் என்னிடமிருந்து நாலடி தள்ளிப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. எனக்குக் கண் சொக்கியது. குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு இன்னொன்று. மூன்று, நாலு.

"ஏட்டி," என்றார் மதினி கண்ணைத் திறக்காமல். "அடுப்ப அமத்து."

"நீங்க அமத்துங்க மதினி. எனக்குக் காய்ச்சல்."

"எனக்குக் கால் வரல."

ஐந்தாவது விசிலும் அடித்தது. இரண்டு பேரும் அப்படியே படுத்திருந்தோம்.